ஒரு மடைக்கு ஒரு ராத்திரி

பட்டிமன்றத்து மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் ஒண்ணும் கிடையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவி முன்னாடி உக்காந்து அதைப் பாத்துச் சிரிச்ச ஆளுதான் நானும். ஆனா எங்க ஊர்க் கொடைக்கு வருஷா வருஷம் தலைக்கட்டு வரி போடுதோம். அந்தக் காசுல ஒரு பெரிய பங்கை எடுத்து வெளியூர்ல இருந்து ஒரு குழுவைக் கூட்டிட்டு வந்து, "குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா?"ன்னு ராத்திரி பத்து மணிக்கு மேடை போட்டுக் கேக்குறது வேண்டாம்னு சொல்லுதேன். போன மாசம் ஊர்க்கூட்டத்துலயும் இதைத்தான் சொன்னேன். மைக் செட் கொரகொரன்னு இருந்ததுல பாதிப் பேருக்குக் கேக்கல. அதான் இங்க விவரமா எழுதுதேன்.

கொடைன்னா என்னன்னு சென்னைவாசிகளுக்கு ஒரு வரி. எங்க பக்கத்துல சொடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் மாதிரி சாமிகளுக்கு வருஷத்துக்கு ஒருக்க எடுக்குற திருவிழாவுக்குப் பேரு கொடை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமியாட்டம் எல்லாம் சாமிக்கு. அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒரு ராத்திரி 'கலை நிகழ்ச்சி'ன்னு ஒண்ணு இருக்கும், அது மனுசனுக்கு. என் சண்டை அந்த ஒரு ராத்திரிக்காகத்தான்.

கணவனா மனைவியான்னு பேச வர்றவங்களுக்கு எங்க ஊரைப் பத்தி எதுவும் தெரிய வேண்டியதில்ல. முந்தின நாள் அம்பாசமுத்திரத்துல சொன்ன சிரிப்பை இங்கயும் சொல்லலாம், நாளைக்குச் சாத்தான்குளத்துலயும் சொல்லலாம். ஊர் பேரை மட்டும் மாத்திக்கிட்டா போதும். ஒரு வருஷம் அதுவும் மாறல. வேற ஒரு ஊர்ப் பேரைச் சொல்லி "இந்த மண்ணின் பெருமையே தனி"ன்னாரு ஒருத்தர். எங்காளுக அதுக்கும் கை தட்டுனாக. தலைப்பு அவ்வளவு அகலமா இருந்தா எவரு என்ன சொன்னாலும் பொருந்தும். "அது அப்படி இல்ல வே"ன்னு கீழ இருந்து ஒருத்தர் எந்திரிச்சுச் சொல்றதுக்கு அதுல இடமே இல்ல.

எங்க வீட்டம்மா இதை இன்னும் சுருக்கமாச் சொன்னா. "மேடையில ஏறி ரெண்டு மணி நேரம் என்னையத்தான் கிண்டல் பண்ணுதாக. அதுக்கு நானே வரி வேற குடுக்கணுமா?" ஊர்க்கூட்டத்துல பொம்பளையாளுக பேசுறது எங்க ஊர்ல கொஞ்சம் குறைவு. பேசியிருந்தா தீர்மானம் அன்னைக்கே நிறைவேறியிருக்கும்.

பட்டிமன்றமும் ஆதியில இப்படி இல்ல. பட்டிமண்டபம்ங்கிற சொல்லு மணிமேகலையிலயே இருக்கு. நம்ம காலத்து மேடைப் பட்டிமன்றம் வளர்ந்தது கம்பன் விழாக்கள்ல. காரைக்குடியில சா. கணேசன் 1939-ல கம்பன் கழகம் ஆரம்பிச்சாரு. அந்த மாதிரி மேடைகள்ல வாலியை ராமன் மறைஞ்சு நின்னு கொன்னது சரியா, கும்பகர்ணன் அண்ணன் பக்கம் நின்னது சரியா, வீடணன் கட்சி மாறினது சரியான்னு வாதாடுவாக. ஒரு ஆளு, ஒரு செயல், அவ்வளவுதான் தலைப்பு. பேசுறவரு பாட்டை எடுத்துக் காட்டணும். எதிர்க்கட்சிக்காரர் அடுத்த பாட்டை எடுத்து வச்சு மடக்குவாரு. கேக்குறவனும் நாலு பாட்டு தெரிஞ்சவனா இருப்பான். சிரிப்பும் அதுக்குள்ள இருந்துதான் வரும். படிச்ச பேராசிரியர்கள் நடுவரா உக்காந்து வளர்த்த கலை இது. டிவிக்கு வரும்போது எல்லா வீட்டுக்கும் பொதுவான தலைப்பு வேணும்னு ஆயிப்போச்சு. அது டிவியோட கட்டாயம், எனக்குப் புரியுது. முந்நூறு தலைக்கட்டு உள்ள ஊருக்கு என்ன கட்டாயம்?

அந்த 1939 முதல் கம்பன் விழாவுக்குத் தலைமை வகிச்சவரு எங்க ஊர்க்காரரு, ரசிகமணி டி.கே.சி. 'எங்க ஊர்'னா திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை. ஆத்துப் பாலத்தைத் தாண்டி பாளையங்கோட்டை போறவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. இப்ப பஸ்ஸும் ஹோட்டலும் கடையுமா இருக்குற இடம். டி.கே. சிதம்பரநாத முதலியார் வக்கீலுக்குப் படிச்சவரு, சென்னை சட்டமன்ற மேலவையில உறுப்பினரா இருந்தவரு, அறநிலையத் துறையில கமிஷனரா வேலை பாத்தவரு. இதெல்லாம் இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கறது அவரு வீட்டு முற்றந்தான். வீட்டுக்குள்ள வானம் பாத்த முற்றத்தைத் தொட்டின்னு சொல்லுவோம். அங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடின கூட்டத்துக்கு வட்டத்தொட்டின்னே பேராயிட்டு. பதிவு பண்ணின சங்கம் இல்ல, லெட்டர்பேடு இல்ல. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பின்னால ஐகோர்ட் நீதிபதியான மகராஜன் எல்லாம் அதுல உருவான ஆளுக. ராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.க்கு நெருங்கின சினேகிதங்க.

அங்க என்ன நடந்துதுன்னு கேட்டா, ஒரு பாட்டு நடந்துது. அவ்வளவுதான். கம்பர் பாட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டு, வரியை உடைச்சு, நிறுத்தி, திரும்பவும் சொல்லி, ஒரு சொல்லுல ஏன் கம்பர் நின்னாருன்னு பாத்து, இடையில சிரிச்சு, சாப்பிட்டு, திரும்பவும் அதே பாட்டு. தேவாரம், முத்தொள்ளாயிரம், நாகர்கோவில் பக்கத்துக் கவிமணி பாட்டு இப்படி எது வந்தாலும் இதே மாதிரிதான். ராமாயணம் முழுசையும் ஒரே மூச்சுல முடிக்கிற அவசரம் கிடையாது.

இதுல ஒரு சங்கதி. கம்பராமாயணத்துல பத்தாயிரத்துக்கு மேல பாட்டு இருக்கு. 'இதெல்லாம் கம்பர் பாடினதே இல்ல, யாரோ சொருகினது'ன்னு ஆயிரக்கணக்கான பாட்டை டி.கே.சி. தள்ளிட்டாரு. பண்டிதர்களுக்கு அப்படி ஒரு கோவம். களை எடுக்கறேன்னு பயிரையும் புடுங்கிப் போட்டுட்டாருன்னு இன்னைக்கும் சொல்றவங்க உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. முளைச்சு இருபது நாளையில நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எம்புட்டு அனுபவம் வேணும்னு எனக்குத் தெரியும்லா. ஆனாலும், ஒரு வயலைக் குனிஞ்சு ஒவ்வொரு தூரா பாத்த மனுசன் அவரு. வரப்புல நின்னுக்கிட்டு 'நல்லா வெளைஞ்சிருக்கு'ன்னு சொல்லிட்டுப் போறவங்க நிறைய. குனிஞ்சு பாத்துத் தப்பு பண்றவரு மேல எனக்கு மரியாதை சாஸ்தி.

அவரு 1954-ல காலமானாரு. வட்டத்தொட்டி மாதிரி ஒண்ணைத் திரும்பக் கட்டணும்னு நான் சொல்ல வரல. அதுக்கு ஒரு டி.கே.சி. வேணும். இட்லி சுட்டுப் போட அவரு வீட்டு அடுக்களையும் வேணும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு சின்ன சமாச்சாரம்ங்கிற அந்த அளவை மட்டும் நாம எடுத்துக்கலாம்.

அளவு தெரிஞ்ச இன்னொருத்தரு தென்கச்சி கோ. சுவாமிநாதன். விவசாயம் படிச்சவரு. எங்க திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல வந்தது. அதுல பண்ணை நிகழ்ச்சிக்கு வேலை பாத்தவரு அவரு. பிறகு சென்னைக்குப் போயி 'இன்று ஒரு தகவல்' சொன்னாரு. காலையில நீங்க பல்லு தேய்க்குற நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். எதையாவது ஒரு சின்ன விஷயத்தைப் பிடிச்சு, சிரிக்காத குரல்ல சொல்லிக்கிட்டே போயி, கடைசியில ஒரு கதையில கொண்டுவந்து நிறுத்துவாரு. நாம சிரிப்போம், அவரு சிரிச்ச சத்தம் கேட்டிருக்க மாட்டீங்க. எரு எவ்வளவு போடணும்னு விவசாயிக்கு ரேடியோவுல சொல்லிப் பழகின ஆளுக்குத்தான் அந்த அளவு வரும்னு எனக்கு ஒரு எண்ணம். இது ஒருதலைப்பட்சம்னு நீங்க சொன்னா ஒத்துக்கிடுதேன்.

வெள்ளைக்காரன் சொன்னாத்தான் நம்புவோம்னு இருக்குறவங்களுக்காக ஒண்ணு. லண்டன்ல 2010-ல ஜேம்ஸ் வார்டுன்னு ஒருத்தரு 'அலுப்பு மாநாடு'ன்னே பேரு வச்சு ஒரு கூட்டம் போட்டாரு. தங்கிட்ட இருக்குற கழுத்து டைகளைப் பத்தி அவரு பேசினாரு. இன்னொருத்தரு தான் வருஷக்கணக்கா தும்மின தும்மலை எல்லாம் எண்ணிக் குறிச்சு வச்சு, அதைப் பத்திப் பேசினாரு. டிக்கெட் போட்டு ஆளு வந்து, பிறகும் பல வருஷம் நடந்திருக்கு. தும்மலுக்கே ஆளு வருதுன்னா எங்க மடைக்கு வராதா?

மடைன்னு ஏன் சொல்லுதேன்னா, போன வருஷமே ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பாத்துட்டோம். கொடைக்கு முந்தின மூணு ராத்திரி, கோயில் வாசல்ல, ஒரு நாளைக்கு ஒரு ஆளு, அரை மணி நேரம். ஊர்க்காரங்கதான் பேசணும். தலைப்பு உள்ளங்கை அளவுதான் இருக்கணும். பொன்னாடை கிடையாது, 'அவர்களே இவர்களே' கிடையாது. இது ரெண்டும் இல்லாட்டி பாதி நேரம் மிச்சமாகுதுங்க.

முத நாளு ஒரு ஓய்வு பெற்ற வாத்தியாரு, 'வே' என்ற ஓரெழுத்தைப் பத்திப் பேசினாரு. சினிமா பாத்துட்டு திருநெல்வேலிக்காரன்னா எல்லாரையும் 'ஏலே'ன்னுதான் கூப்பிடுவான்னு நீங்க நினைச்சிருப்பீங்க. ஏலே சின்னவனுக்கு. வே சம வயசுக்காரருக்கு, அதுவும் 'நீரு, உமக்கு'ன்னு பாதி மரியாதையோட. அண்ணாச்சி முழு மரியாதை, கடைக்காரரா இருந்தா கடனுக்கும் சேர்த்து. "சம்பந்தம் பேசும்போது 'நீங்க', கல்யாணம் முடிஞ்சா 'நீரு', கொடுக்கல் வாங்கல்ல பாக்கி நின்னா 'என்ன வே'. ஒரே ஆளு, ஒரே வருஷம்"னாரு. ரெண்டு சம்பந்தக்காரங்க பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தாக. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல.

ரெண்டாம் நாளு எங்க அத்தை ஒருத்தி, சொதி பத்தி. கல்யாணத்துக்கு மறுநா மறுவீட்டுக்குச் சொதி வைக்குறது எங்க பக்கத்து வழக்கம். தேங்காயை மூணு தரம் பிழியணும். மூணாம் பாலுலயும் ரெண்டாம் பாலுலயும் காயும் பாசிப்பருப்பும் வேகணும். முதல் பாலு கடைசியில, அடுப்பை அணைக்குற நேரத்துல. கொதிச்சா திரைஞ்சு போயிரும். தேங்காய்ப் பாலு வயித்துல கனக்கும்னுதான் கூட இஞ்சித் துவையல். இதெல்லாம் இப்ப யூடியூப்லயும் இருக்கு. அத்தை சொன்னதுல இல்லாதது ஒண்ணுண்டு. "மறுநா ஏன் சொதி? கல்யாணத்துக்கு வந்த தேங்காயெல்லாம் வீடு முழுக்க உருளுது, பொண்ணுக்கு அம்மைக்கு அழுது அழுது கை ஓயல. அழுகையத் துருவுறதுல காட்டிட்டாங்க." ஆம்பிளைக சிரிச்சாக. பொம்பளைக சிரிக்கல, தலையாட்டுனாக. மைக் முன்னாடி அத்தை பேசினது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை.

மூணாம் நாளு எங்க பத்துக்குத் தண்ணி பாய்ச்சுற பெரியவரு. பத்துன்னா சேர்ந்தாப்புல கிடக்குற வயல் தொகுதி. எழுபது தாண்டிட்டு அவருக்கு. 'மடை'ங்கறதுதான் தலைப்பு. மேடைக்கு வர மாட்டேன்னு கீழயே நின்னாரு, தோள்ல மம்பட்டி இல்லாம நிக்கத் தெரியாம கையை எங்க வைக்கறதுன்னு தவிச்சாரு. பிறகு ஆரம்பிச்சாரு.

"மடை நாலு விதம். தொறந்தா தண்ணி வர்ற மடை. தொறந்தாலும் வராத மடை. அடைச்சாலும் ஒழுகுற மடை. நான் அடைச்சிட்டு வந்த பொறவு ராத்திரி வேற யாரோ தொறக்குற மடை. நாலாவது மடைக்காரரு இங்கனதான் உக்காந்திருக்காரு. பேரு சொல்ல மாட்டேன்."

கூட்டம் மொத்தமும் ஒரே திசையில திரும்பிப் பாத்துது. அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தப் பட்டிமன்றத்துலயும் கேட்டதில்ல. காரணம், அந்தச் சிரிப்பு அந்த இடத்துல மட்டுந்தான் நடக்க முடியும்.

அதுக்கு மேலதான் விஷயமே வந்துது. எங்க பத்துல 17 மடை. கால்வாய்த் தலையில இருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொண்ணா பேரு சொன்னாரு. புளியடி மடை, கோண மடை, அழுகுணி மடை இப்படி. அழுகுணின்னா மேல சொன்ன மூணாவது ஜாதி, என்ன அடைச்சாலும் கண்ணீர் நிக்காது. புளியடி மடையில புளியமரமே கிடையாது. அவரு அப்பா காலத்துலயே கிடையாதாம். கடிகாரம் இல்லாத காலத்துல முறைத்தண்ணி எப்படிப் பகிர்ந்தாங்கன்னு சொன்னாரு. மார்கழி ராத்திரியில வானத்துல மூணு நட்சத்திரம் வரிசையா நிக்கும்லா, அது உச்சிக்கு வந்தா ஒருத்தர் முறை முடிஞ்சுது, மேக்க சாஞ்சா அடுத்தவரு முறை முடிஞ்சுது.

ஒரு சின்னப் பையன் எந்திரிச்சு, "மேகம் மூடிட்டா?"ன்னு கேட்டான்.

"அன்னைக்குத்தாம்ல நம்ம ஊர்ல அருவா எடுத்தது"ன்னாரு.

கூட்டம் சிரிச்சுது. பெரியவங்க கொஞ்சம் பிந்திச் சிரிச்சாக.

இன்னொண்ணும் சொன்னாரு. தண்ணி குறைஞ்ச வருஷம் முதல் முறை கடைமடைக்குத்தான் போகணும்னு எங்க பத்துல ஒரு ஏற்பாடு இருந்துது. தலைமடைக்காரன் எப்படியும் எடுத்துக்கிடுவான், கடைமடைக்காரனுக்கு முதல்ல கொடுத்தாத்தான் உண்டு. இது எந்தக் காகிதத்துலயும் இல்ல. முப்பது வயசுக்குக் கீழ உள்ள ஒருத்தனுக்கும் தெரியாது. தண்ணிச் சண்டைன்னு வந்தா இப்ப நாங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம்.

அரை மணி நேரம்னு சொன்னது ஒண்ணே முக்கால் மணி நேரம் ஓடிச்சு. முதல் நாள் முப்பது பேரு இருந்த இடத்துல அன்னைக்கு உக்கார இடமில்ல.

ஊர்க்கூட்டத்துல எனக்கு வந்த எதிர்ப்பு இதுதான்: "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான வே, இதுக்கு எதுக்கு மேடை?" தெரிஞ்சவங்க எத்தனை பேருன்னு எண்ணிப் பாத்தா விடை கிடைக்கும். 17 மடைக்கும் பேரு தெரிஞ்சவரு எங்க ஊர்ல ஒருத்தருதான். அவரு மக்க ரெண்டு பேரும் திருப்பூர்ல. அரசாங்கப் பதிவுல சர்வே நம்பர் இருக்கு, பேரு இல்ல. நடுராத்திரியில "212-ல உடைச்சிட்டான்"னு கூப்பிட்டா ஒருத்தனும் எந்திரிச்சு வர மாட்டான். "அழுகுணியில உடைச்சிட்டான்"னா ஓடி வருவான்.

தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒண்ணுதான் வெள்ளைக்காரன் காலத்துல கட்டினது, மத்த ஏழும் அதுக்கு ரொம்ப முந்தி. பாபநாசம் அணையில தண்ணி தொறக்குற அன்னைக்கு '86,107 ஏக்கர் பாசனம்'னு பேப்பர்ல ஒரு எண்ணைப் படிப்பீங்க. அந்த எண்ணுக்குள்ள எத்தனை அழுகுணி மடை இருக்கும்! நதியை உண்ணுற கால்வாய்னு பேரு வச்சவன் எம்புட்டு சிரிச்சிருப்பான்! பேரு வச்சதுலயே ஒரு நகைச்சுவைப் பேச்சு இருக்கு. எடுத்துப் பேச ஆளு வேணும், அவ்வளவுதான்.

பட்டிமன்றம் வேண்டாம்னு ஒரேயடியாச் சொன்னா கமிட்டியில உள்ள இளவட்டங்க கோவிச்சுக்கிடுவாக. அதனால நடுவழியா ஒண்ணு சொல்லிப் பாத்தேன். குழுவைக் கூப்பிடுங்க, ஆனா தலைப்பு நாம கொடுப்போம்: 'பஞ்ச காலத்தில் முதல் தண்ணீர் தலைமடைக்கா, கடைமடைக்கா?' கமிட்டிக்காரரு போன்ல கேட்டாரு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிறகு, "சார், அதுல ஃபேமிலி சென்டிமென்ட் எங்க வரும்?"னு கேட்டாங்களாம். தலைமடை அண்ணனுக்கும் கடைமடை தம்பிக்கும் இருபது வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத வீடு எங்க தெருவுலயே மூணு இருக்கு. அதைச் சொல்லச் சொன்னேன், அதுக்குள்ள போனை வச்சிட்டாரு.

கடைசியில பாதிக்குப் பாதி முடிவாயிருக்கு. இந்த வருஷம் ஒரு ராத்திரி வழக்கம்போல அவுக, ரெண்டு ராத்திரி நாங்க. எங்க பட்டியல்ல முதல்ல இருக்கறது, 'கன்னடியன் கால்வாய் ஏன் நேரா போகல?' ஒரு பசு போன வழியில வெட்டினது, அது படுத்த இடமெல்லாம் குளமாச்சுன்னு கதை உண்டு. வாத்தியாரு கதையைச் சொல்லுவாரு. பெரியவரு மேடு பள்ளத்தைச் சொல்லுவாரு. பசு வந்து சாட்சி சொல்லாதுங்கறதால ரெண்டு பேருமே ஜெயிக்க வாய்ப்பிருக்கு.

இன்னொண்ணு, நெல்லுக்கே வேலி போட்ட ஊருன்னு பேரு வாங்கின திருநெல்வேலிக்கு, இங்க விளையாத கோதுமையில செஞ்ச அல்வாவால பேரு வந்தது எப்படி? நெல்லு போடுறவன்ங்கற முறையில எனக்கு இதுல கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அதை நானே பேசுதேன்.

பெரியவரு பேசினதை வீடியோ எடுத்திருக்கலாமேன்னு என் தங்கச்சி மகன் சண்டை போட்டான். எடுத்திருந்தா அந்த நாலாவது மடையைச் சொல்லியிருக்க மாட்டாரு. அதனால இந்த வருஷமும் போன் எல்லாம் பையிலதான். 17 பேரையும் மட்டும் ஒரு நோட்டுல எழுதச் சொல்லியிருக்கேன். அவன் கூடவே கால்வாய்க்கரையில நடந்து போயி எழுதணும், வீட்டுல உக்காந்து கேட்டு எழுதக் கூடாதுன்னு பெரியவரு கட்டளை. இதுவரைக்கும் ஒன்பது ஆயிருக்கு. பத்தாவது மடைக்குப் போற வழியில பாம்பு இருக்குன்னு பையன் நின்னுட்டான்.

கேக்க வரணும்னு இருக்குறவங்க சேரன்மகாதேவிக்கு ரயிலேறிட்டு எனக்குத் தகவல் சொன்னா வண்டி அனுப்புதேன். தரையிலதான் உக்காரணும், பாய் உண்டு. கொசுவும் உண்டு.